ஒரே டேப்லெட்டும் ஒரு வகுப்பும்

கேள்வி: நான் மூன்றாம் வகுப்பு ஆசிரியை. செய்முறைப் பயிற்சிக்கும் கணினிவழிக் கற்றலுக்கும் தனித்தனியே நேரம் ஒதுக்க இயலவில்லை. இருப்பதும் ஒரே டேப்லெட்தான். இரண்டையும் இணைத்து நடத்த முடியுமா?

பதில்: தாராளமாக முடியும். கை முதலில், திரை பிறகு என்ற வரிசையை மட்டும் மாற்றாதீர்கள். கண்ணாடிக் குவளைக்குள் ஈரப் பஞ்சை வைத்து, அதன் ஓரத்தில் வெளியே தெரியுமாறு ஓர் அவரை விதையைச் செருகுங்கள். டேப்லெட்டை வைக்கும் இடத்தைச் சாக்பீஸால் குறித்துவிட்டால், நாள்தோறும் ஒரு குழு அதே கோணத்தில் படமெடுக்க, மற்றவர்கள் வேரின் நீளத்தை அளவுகோலால் அளந்து குறிப்பேட்டில் வரையலாம். இரண்டு வாரம் கழித்து அப்படங்களை வரிசையாக ஓட்டிக் காட்டும்போது, வேர் முதலில் கீழே இறங்குவதும் தண்டு பிறகு வளைந்து நிமிர்வதும் அவர்கள் கண்முன்னே நிகழும். இடையில் ஒருநாள் குவளையைப் பக்கவாட்டில் சாய்த்து வைத்துப் பாருங்கள். வேர்நுனி மீண்டும் கீழ்நோக்கித் திரும்புவதைக் கண்டதும் பிள்ளைகளே காரணம் கேட்பார்கள். அந்தக் கேள்விதான் நமக்கு வேண்டியது. விடையை அவசரப்பட்டுச் சொல்லிவிடாதீர்கள்.

நிரலாக்கத்துக்கும் இதே முறை பொருந்தும். 1967இல் பிள்ளைகளுக்கென உருவான லோகோ என்ற நிரல்மொழியை அமைத்தவர்களில் ஒருவரான சீமோர் பேப்பர்ட், அதில் கட்டளைக்கேற்பத் திரையில் நகரும் ஆமையைப் போலப் பிள்ளைகள் தாங்களே நடந்து பார்க்க வேண்டும் என்றார். தரையில் கட்டம் வரைந்து, ஒருவர் கட்டளையிட மற்றவர் நடக்கட்டும். அதன்பின் கட்டளைத் துண்டுகளை அடுக்கி நிரல் அமைக்க உதவும், இலவசமாகக் கிடைக்கும் ஸ்க்ராட்ச் மென்பொருளில் அதே கட்டளைகளைக் குழு குழுவாக அமைக்கட்டும். அப்போது டேப்லெட் உங்கள் கையில் அல்ல, பிள்ளைகளின் கையில் இருக்க வேண்டும்.