எக்ஸ்ரே நன்றாக இருக்கிறது, அப்புறம் எதற்கு எம்.ஆர்.ஐ.?

கேள்வி: மகள் படிவம் நான்கு. வலைப்பந்து விளையாடும்போது சட்டென்று திரும்பியதில் முட்டிச்சில்லு வெளிப்பக்கம் விலகி, காலை நீட்டியதும் தானாகவே உள்ளே போய்விட்டது. அன்று மாலைக்குள் முட்டி நன்றாக வீங்கிவிட்டது. எக்ஸ்ரேயில் முறிவு இல்லை என்றார்கள். இப்போது பெரிய ஆஸ்பத்திரியில் எம்.ஆர்.ஐ. எடுக்கச் சொல்கிறார்கள். தோட்டத்துப் பாட்டியிடம் எண்ணெய் போட்டு உருவிவிட்டால் போதும் என்கிறார் மாமியார். என்ன செய்வது? – ஒரு தாய், சுங்கை சிப்புட்

பதில்: எம்.ஆர்.ஐ. எடுத்துவிடுங்கள் அம்மா. அதுவரை உருவுவது வேண்டவே வேண்டாம். மாமியாரிடம் நான் சொன்னதாகவே சொல்லுங்கள்.

எக்ஸ்ரே எடுக்கும் நேரத்தில் சில்லு பழைய இடத்துக்கு வந்துவிட்டது, அதனால் படம் ஒழுங்காகத் தெரிகிறது. ஆனால் அது திரும்பி உள்ளே வரும்போது அதன் உள்விளிம்பு தொடை எலும்பின் வெளிக்குமிழில் போய் மோதும், அந்த மோதலில் குருத்தெலும்பு பெயர்ந்து ஒரு துண்டு மூட்டுக்குள்ளேயே கிடக்கலாம், குருத்தெலும்பு எக்ஸ்ரேயில் தெரியாது. சில மணி நேரத்திலேயே முட்டி வீங்கியது என்கிறீர்களே, உள்ளே ரத்தம் கட்டியிருக்கலாம், அதனால்தான் எனக்குக் கவலை. பெரிய துண்டு கழன்றிருந்தால் சிகிச்சையே மாறிவிடும், ஆபரேஷன்கூடத் தேவைப்படலாம். இல்லாவிட்டால், முதல் முறை விலகியவர்களில் பெரும்பாலோருக்குத் தொடைத் தசைப் பயிற்சிதான்.

சில்லை உள்பக்கமாகப் பிடித்து வைத்திருக்கும் தசைநார் கிழிந்திருக்கிறதா, எங்கே கிழிந்திருக்கிறது என்பதும் எம்.ஆர்.ஐ.யில் தெரியும். தொடை எலும்பில் சில்லு ஓடும் பள்ளம் ஆழமில்லாமல் இருக்கிறதா, சில்லு மேலே ஏறி உட்கார்ந்திருக்கிறதா என்றும் பார்ப்பார்கள், இரண்டும் இருந்தால் மறுபடி விலக வாய்ப்பு அதிகம். சில்லு ஏறியிருப்பதை பக்கவாட்டு எக்ஸ்ரேயிலும் அளக்கலாம். சில்லைக் கீழ்க்கால் எலும்போடு இணைக்கும் நாணின் நீளத்தைச் சில்லின் நீளத்தால் வகுத்தால் 1.2-க்கு மேல் வரக்கூடாது. அதனால் அந்த எக்ஸ்ரே படத்தையும் மறக்காமல் கொண்டு போங்கள்.

எம்.ஆர்.ஐ.க்குக் கதிர்வீச்சு கிடையாது, சத்தம்தான் பயமுறுத்தும், அரை மணி நேரம் போல அசையாமல் படுக்க வேண்டும். கொலுசு, மூக்குத்தி, ஹேர்பின் எல்லாம் வீட்டிலேயே கழற்றி வைத்துவிட்டுப் போகச் சொல்லுங்கள்.

கேள்வி: மகனுக்குச் சில்லு மூன்றாவது முறை விலகிவிட்டது. எம்.ஆர்.ஐ. எடுத்தாயிற்று, இப்போது சி.டி. ஸ்கேனும் கேட்கிறார்கள். கதிர்வீச்சு ஆபத்தா? – ஒரு தந்தை, தெலுக் இந்தான்

பதில்: முட்டிக்கு மட்டும் எடுக்கும் சி.டி.யில் கதிர்வீச்சு குறைவுதான், பயப்பட வேண்டாம். சில்லின் நாண் கீழ்க்கால் எலும்பில் ஒட்டும் மேடு, மேலே தொடை எலும்பில் சில்லு ஓடும் பள்ளத்திலிருந்து எவ்வளவு வெளியே தள்ளியிருக்கிறது என்று அதில் அளப்பார்கள். 20 மில்லிமீட்டருக்கு மேல் போனால் அந்த மேட்டையே இடம் மாற்றிப் பொருத்தலாமா என்று யோசிப்பார்கள். இதே அளவை எம்.ஆர்.ஐ.யிலும் எடுக்கலாம், ஆனால் அதில் பெரும்பாலும் குறைவாகத்தான் வரும், இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்ளக் கூடாது. எம்.ஆர்.ஐ.யில் என்ன அளவு வந்தது, சி.டி. எடுத்தால் உங்கள் முடிவு மாறுமா என்று டாக்டரிடம் நேராகவே கேளுங்கள். மாறும் என்றால் எடுத்துவிடுங்கள்.