கார்பன் ஏன் எலக்ட்ரானைப் பங்கு போட்டுக்கொள்கிறது?

கரிமச் சேர்மங்களில் கார்பன் மற்ற அணுக்களோடு எப்படிச் சேர்கிறது? சகப்பிணைப்பால். அதாவது, இரண்டு அணுக்கள் ஆளுக்கொரு எலக்ட்ரான் போட்டு, அந்த ஜோடியைப் பொதுவாக வைத்துக்கொள்கின்றன.

வாலிநோக்கம் உப்பளத்து உப்பில் கதை வேறு. அங்கே சோடியம் ஒரு எலக்ட்ரானைக் கொடுத்துவிடுகிறது, குளோரின் வாங்கிக்கொள்கிறது. கார்பனுக்கு அது கட்டுப்படியாகாது. அதன் 6 எலக்ட்ரான்களில் வெளிக்கூட்டில் இருப்பவை 4. நிறைவுக்கு 8 வேண்டும். நான்கையும் விட்டுக்கொடுக்க ஏகப்பட்ட ஆற்றல் செலவாகும். நான்கை வாங்கினாலோ, 6 புரோட்டான் உள்ள கரு 10 எலக்ட்ரான்களைப் பிடித்துவைக்கத் திணறும். சரி, பங்கு போடுவோம் என்கிறது கார்பன். மீத்தேனில் 4 ஹைட்ரஜனோடு சேர்ந்து அதன் கணக்கு 8 ஆகிறது.

பாம்பன் கரையில் வலை பழுது பார்க்கும்போது ஒரு முடிச்சை உற்றுப் பாருங்கள். அதிலிருந்து நான்கு இழைகள் கிளம்பி அடுத்த முடிச்சுகளுக்குப் போகும். கார்பனும் அப்படி ஒரு முடிச்சுதான். ஒரு கார்பன் இன்னொரு கார்பனையே பிடித்துக்கொள்வதால் நீண்ட சங்கிலி, கிளை, வளையம் எல்லாம் உருவாகின்றன. (அந்த நைலான் இழைக்குள்ளும் கார்பன் சங்கிலிதான்!) ஆனால் வலை தட்டையாக விரியும், மீத்தேனின் நான்கு பிணைப்புகளோ சுமார் 109.5 பாகை இடைவெளியில் நான்கு திசைக்கு விலகி நிற்கும்.

கருப்பட்டி தண்ணீரில் கரைவதைப் பார்த்து, சகப்பிணைப்பு பலவீனமானது என்று பலர் நினைக்கிறார்கள். கரையும்போது சர்க்கரை மூலக்கூறுகள் ஒன்றைவிட்டு ஒன்று விலகுகின்றனவே தவிர, அவற்றுக்குள் இருக்கும் கார்பன் பிணைப்புகள் அறுவதில்லை.