கருவி இல்லாமல், தண்ணீரைப் பார்த்தே காற்றின் வேகத்தைச் சொல்ல முடியுமா?

சொல்லலாம். துல்லியமாக இல்லை, வள்ளத்தை இறக்கலாமா வேண்டாமா என்று முடிவெடுக்கும் அளவுக்கு.

முதலில் நுரையைப் பாருங்கள். அலை முகட்டில் அங்கொன்றும் இங்கொன்றுமாக வெள்ளை தெரிந்தால் காற்று மணிக்கு 12 முதல் 19 கி.மீ. அதற்குக் கீழே முகடு கண்ணாடி மாதிரி இருக்கும், உடையாது. எங்கு பார்த்தாலும் வெள்ளை, கொஞ்சம் சாரலும் தெறிக்கிறது என்றால் 30 கி.மீ. வந்துவிட்டது, சின்ன வள்ளத்துக்கு அதோடு சரி. நுரை காற்றுப் போகும் திசையில் கோடு கோடாக இழுபட ஆரம்பித்தால் 50 கி.மீ.க்கு மேல். 2022 வரை ரயில் ஓடிய பழைய பாம்பன் பாலத்தில் காற்று 58 கி.மீ. தாண்டினால் ரயிலை நிறுத்திவிடுவது வழக்கமாக இருந்தது. அந்தக் கோடு விழும் நேரம்தான் அது.

இதற்கு பியூஃபோர்ட் அளவுகோல் என்று பெயர். வேடிக்கை என்னவென்றால், பிரிட்டிஷ் கடற்படையின் பியூஃபோர்ட் கணக்குப் போட்டது கப்பலின் பாயை வைத்து. கடலின் தோற்றத்தைச் சேர்த்தவர் பீட்டர்சன் என்ற ஜெர்மன் கேப்டன், 1927இல்.

ஆனால் அது நடுக்கடலுக்கான கணக்கு. கரையில் நின்று பார்த்தால் ஏமாறுவோம். ஆடி மாதம் பாம்பன் சாலைப் பாலத்தில் நின்று பாருங்கள்: தெற்கே மன்னார் வளைகுடா வெளுத்துக் கிடக்கும், வடக்கே பாக் விரிகுடா கரையோரம் குளம் மாதிரி இருக்கும். இரண்டு பக்கமும் அடிப்பது ஒரே கச்சான் காற்றுதான், அதாவது தென்மேற்குக் காற்று. தென்கடலில் அது நெடுந்தூரம் தண்ணீர் மேல் ஓடி வருகிறது, வடகடலில் இப்போதுதான் கரையை விட்டு இறங்குகிறது. அலை எழும்ப இடம் வேண்டாமா? மார்கழியில் வாடை அடிக்கும்போது எல்லாம் தலைகீழ்.

நான் ஏமாந்ததும் வடகடலில்தான். தண்ணீர் எண்ணெய் மாதிரி கிடந்தது. மாமா, "தண்ணியைப் பாக்காத மாப்ள, பனையைப் பாரு" என்றார். பின்னால் ஓலைகள் எல்லாம் ஒரே பக்கமாகச் சாய்ந்து படபடத்துக்கொண்டிருந்தன. கேட்காமல் போனேன். போகும்போதும் பெரிதாக எதுவும் தெரியவில்லை, காற்று முதுகுப் பக்கம். அப்போது கண்ணில் படுவது அலையின் முதுகு, உடையும் முகம் அந்தப் பக்கம். வள்ளத்தைத் திருப்பியதும் வேறு கடல்! போக இருபது நிமிடம், திரும்ப ஒன்றரை மணி நேரம், பாதி நேரம் தண்ணீர் இறைத்தேன்.

அப்புறம் நீரோட்டம். காற்றும் ஓட்டமும் எதிரெதிராக இருந்தால் லேசான காற்றிலேயே அலை செங்குத்தாக எழுந்து வெள்ளை காட்டும். இரண்டும் ஒரே திசை என்றால் பலத்த காற்றும் சாதுவாகத் தெரியும். பெருமழையும் அலையை அமுக்கிவிடும். நீளமாக உருண்டு வரும் பெரிய அலையை நம்பவே வேண்டாம், அது எங்கோ என்றோ அடித்த காற்றுடையது. அதன் முதுகில் ஓடும் சிற்றலைதான் இப்போதைய காற்று.

அமைதியான தண்ணீரில் திடீரென்று ஒரு கறுப்புத் திட்டு நகர்ந்து வருகிறதா? அது மேகத்தின் நிழல் இல்லையென்றால் வேகக் காற்று. சிற்றலைகள் சரிந்து நிற்பதால் அடிவானத்தின் வெளிச்சம் அங்கே நம் கண்ணுக்குத் திரும்பாது, அதனால்தான் கறுப்பு. பாய் போட்டிருந்தால் கயிற்றைக் கையில் எடுத்துக்கொள்ளுங்கள்.