அழகர்கோவில் போய்த் திரும்பி ஓடினால் உலகச் சாதனை ஆகுமா?

மதுரையிலிருந்து அழகர்கோவில் போய்த் திரும்பினால் சுமார் 42 கி.மீ. வரும், போன் ஆப் காட்டும் நேரம் மாரத்தான் சாதனையாகச் செல்லுமா என்று கேட்டிருக்கிறீர்கள். செல்லாது. அந்தச் ‘சுமார்’தான் முதல் சிக்கல். 42.195 கி.மீ.க்கு ஒரு மீட்டர்கூடக் குறையக் கூடாது.

பாதையை அளப்பது ஜிபிஎஸ் இல்லை, சைக்கிள்! முன்சக்கரத்தில், அது எத்தனை முறை சுற்றுகிறது என்று எண்ணும் ஜோன்ஸ் கவுன்ட்டர் என்ற சின்னக் கருவியை மாட்டுவார்கள். பாதையை அளப்பதற்கு முன்பும் பின்பும், இரும்பு டேப்பால் அளந்த நேர்ச்சாலையில் ஓட்டிச் சரிபார்ப்பார்கள். நம்மூர் வெயிலில் டயர் காற்று விரிந்தால் கணக்கு மாறிவிடும் அல்லவா? அதற்காகத்தான். தெப்பக்குளத்தைச் சுற்றுவதாக இருந்தால், திருப்பங்களில் ஓரக்கல்லிலிருந்து 30 செ.மீ. தள்ளி, ஓடுபவர் போகக்கூடிய மிகக் குறுகிய வழியில் ஓட்ட வேண்டும். அப்புறமும் கி.மீ.க்கு ஒரு மீட்டர் கூட்டிப் போடுவார்கள்.

கொடைக்கானலிலிருந்து இறங்கி ஓடலாமே என்றால், தொடங்கும் இடத்தைவிட முடியும் இடம் 42 மீட்டருக்கு மேல் தாழ்ந்திருக்கக் கூடாது. தொடக்கமும் முடிவும் நேர்கோட்டில் பந்தயத் தூரத்தின் பாதிக்கு மேல் விலகவும் கூடாது. 2011இல் பாஸ்டன் மாரத்தானில் கென்ய வீரர் ஜெஃப்ரி முட்டாய் 2:03:02இல் ஓடியும் சாதனையாகாதது இதனால்தான்.

2019இல் வியன்னாவில் கென்ய வீரர் எலியுட் கிப்சோகே ஓடிய 1:59:40 சாதனையாகாததற்கு வேறு காரணம்: அது திறந்த போட்டி இல்லை, அவருக்கு வேகம் பிடித்துக் கொடுக்கக் கூட ஓடியவர்கள் நடுவில் மாறி மாறி வந்தார்கள். எனக்கு அதில் கொஞ்சம் வருத்தம்தான்.

ஊக்கமருந்துச் சோதனையும் உண்டு. இன்னொரு கென்ய வீரர் கெல்வின் கிப்டம் 2023 அக்டோபரில் சிகாகோவில் ஓடிய 2:00:35, 2024 பிப்ரவரியில்தான் உலகச் சாதனையாக உறுதியானது.