ஜெர்மனி அறையில் பூசணம்: கோத்தகிரி மகளுக்கு என்ன சொல்வது?

கேள்வி: என் மகள் அக்டோபரில் ஜெர்மனிக்கு மேல்படிப்புக்குப் போனாள். கோத்தகிரிக் குளிரில் வளர்ந்தவள் என்பதால் குளிரைப் பற்றி நாங்கள் கவலைப்படவில்லை. இப்போது அவள் அறைச் சுவரில் கறுப்பாகப் பூசணம் பிடித்திருக்கிறது. இவள்தான் காரணம் என்கிறார் வீட்டுக்காரர். நாலு மணிக்கே இருட்டிவிடுகிறதாம், ஞாயிற்றுக்கிழமை கடையே இல்லையாம். போனில் அழுகிறாள். திரும்பி வரச் சொல்லிவிடலாமா?
– ஒரு தாய், கோத்தகிரி

பதில்: இப்போதைக்கு வரச் சொல்லாதீர்கள் அம்மா. முதலில் பூசணத்தைப் பார்ப்போம். அது ஒழிந்தாலே பாதிப் பாரம் இறங்கும்.

நம் ஊரில் குளிர் என்றால் ஜன்னலைச் சாத்துவோம், ஸ்வெட்டர் போடுவோம், சாரல் நாளில் ஈரத்துணியை அடுப்பங்கரைக் கொடியில் போடுவோம். ஓட்டு இடுக்கும் கதவிடுக்கும் ஈரத்தைக் கொஞ்சமாவது வெளியேற்றிவிடும். அங்கே ஜன்னல்கள் இரட்டைக் கண்ணாடி, ரப்பர் பட்டை வைத்தவை. சாத்தினால் காற்றே புகாது. சமையல் ஆவி, குளியல் ஆவி, துணியின் ஈரம், மூச்சு எல்லாம் உள்ளேயே தங்கி, வெளிச்சுவர் மூலையிலும் அலமாரிக்குப் பின்னாலும் நீராகப் படியும். பூசணம் அங்கேதான் பிடிக்கும். செலவை நினைத்து ஹீட்டரை அணைத்துவிட்டு ஸ்வெட்டரோடு உட்கார்ந்தால் சுவர் இன்னும் குளிர்ந்து, படிகிற நீர் கூடும்.

காலையில் எழுந்ததும், சமைத்ததும், படுக்குமுன்னும் ஜன்னலை முழுசாகத் திறந்து 5 முதல் 10 நிமிடம் விடச் சொல்லுங்கள். அதுவரை ஹீட்டர் திருகை மூடிவைக்கலாம். வெளியே மூடுபனி இருந்தாலும் தயங்க வேண்டாம்; குளிர்ந்த காற்றில் இருக்கும் நீர் மிகக் குறைவு, உள்ளே வந்து சூடானதும் அது உலர்ந்த காற்றாகிவிடும். ஜன்னலின் மேல்பக்கத்தை மட்டும் சாய்த்து நாள் முழுக்க விடுவதுதான் பலரும் செய்யும் தவறு. காற்று சரியாக மாறாது, ஜன்னலைச் சுற்றியுள்ள சுவர்தான் குளிரும்.

ஹீட்டர் திருகில் உள்ள எண்களில் 3 என்பது சுமார் 20 டிகிரி, 2 என்பது சுமார் 16. ஐந்தில் வைத்தால் அறை சீக்கிரம் சூடாகிவிடாது, போய் நிற்கும் சூடுதான் அதிகம். அறையில் இருக்கும்போது 3, வகுப்புக்குப் போகும்போது 2 போதும். அலமாரியை வெளிச்சுவரிலிருந்து 10 சென்டிமீட்டராவது தள்ளி வைக்கட்டும். துணியை அறைக்குள் காயப்போட வேண்டாம்; கட்டடத்தில் உலர்த்தும் அறையோ டிரையரோ இருக்கிறதா என்று கேட்கட்டும். சின்ன ஈரப்பதமானி ஒன்று வாங்கினால் நல்லது. அறையின் ஈரப்பதம் 40 முதல் 60 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும்.

இப்போதுள்ள பூசணத்தைத் துடைக்குமுன் போட்டோ எடுத்து வீட்டுக்காரருக்கு மெயில் அனுப்பட்டும். குறையை உடனே தெரிவிப்பது அங்கே வாடகைக்கு இருப்பவரின் சட்டக் கடமை. சொல்லாமல் விட்டால் நஷ்டம் அட்வான்ஸில் கழியலாம். சின்ன இடமாக இருந்தால், கையுறையும் மாஸ்க்கும் போட்டு, ஜன்னலைத் திறந்துவைத்து, பக்கத்தில் நெருப்பில்லாமல், 70–80 சதவீத ஆல்கஹாலால் துடைக்கலாம். வினிகர் வேண்டாம், சுவரின் சுண்ணாம்பு அதன் புளிப்பை முறித்துவிடும். இவ்வளவு செய்தும் அதே இடம் ஈரமாகவே இருந்தால் குழாய் கசிவோ கட்டடக் குறையோ இருக்கலாம். அப்போது பழியை அவள் ஏற்கத் தேவையில்லை. பல்கலைக்கழக மாணவர் சங்கத்தில் சட்ட ஆலோசனை கிடைக்குமா என்று விசாரிக்கட்டும்.

இருட்டு விஷயத்தில் அவள் சொல்வது நிஜம். கோத்தகிரி நிலநடுக்கோட்டிலிருந்து 11 பாகை வடக்கில் இருக்கிறது, பெர்லின் 52-ல். அதனால் டிசம்பரில் பெர்லினில் எட்டு மணி வாக்கில்தான் சூரியன் உதிக்கும், நாலு மணி வாக்கில் மறைந்துவிடும். மதியச் சாப்பாட்டுக்குப் பின் அரைமணி நேரம் வெளியே நடப்பதை அவள் தவறவிடக்கூடாது. தூக்கம் கெட்டு, வாரக்கணக்கில் அழுகை நிற்காவிட்டால் பல்கலைக்கழகத்தின் மனநல ஆலோசகரைப் பார்க்கட்டும். இதை நீங்களே எடுத்துச் சொன்னால் அவளுக்குக் கூச்சம் இருக்காது.

ஞாயிறு கடையடைப்பு அங்கே சட்டம். சனிக்கிழமையே வாங்கி வைக்க வேண்டும். அவசரத்துக்குப் பெரிய ரயில் நிலையக் கடைகள் திறந்திருக்கும்.

குளிர்காலத்தில் அங்கே நம்மைவிட நாலரை மணி நேரம் பின்னால். நீங்கள் காலை ஆறு மணிக்குப் போன் செய்தால் அவளுக்கு இரவு ஒன்றரை. ஞாயிறு மதியம் இரண்டரைக்குக் கூப்பிடுங்கள், அங்கே காலை பத்து மணி. பார்சல் அனுப்புவதாக இருந்தால் நெய்யும் பால்கோவாவும் வைக்காதீர்கள். வெளிநாட்டிலிருந்து தனியார் பார்சலில் வரும் பால், இறைச்சிப் பொருட்களை ஐரோப்பிய ஒன்றியம் அனுமதிப்பதில்லை. நம் டீத்தூளைத் தாராளமாக வையுங்கள்.