பிளைட்டுன்னா பயம், பைக்குன்னா தைரியம்!

கேள்வி: 2025 ஜூன்ல அகமதாபாத்ல பிளைட் விழுந்ததுல இருந்து எங்கப்பா பிளைட்ல ஏறவே மாட்டேங்கிறார். சென்னைக்கு ராத்திரியோட ராத்திரியா கார் ஓட்டிட்டுப் போயிடலாம்ங்கிறார். ஆனா தினமும் ஹெல்மெட்டை டேங்க் மேல வெச்சுட்டுதான் பைக் ஓட்டுறார். ஏன் இப்படி?
- ஒரு வாசகி, திருநெல்வேலி

பதில்: அப்பாவைத் திட்டாதீங்கம்மா. ஹாஸ்டல் கட்டடத்துக்குள்ள சொருகி நின்ன அந்த பிளைட் வாலை டிவில திரும்பத் திரும்பப் பார்த்தோமே, அது யார் கண்ணை விட்டும் போகல. எது சட்டுனு ஞாபகத்துக்கு வருதோ அதுதான் அடிக்கடி நடக்குதுன்னு மனசு நம்பிடும், இதை ட்வெர்ஸ்கி, கானமன்னு ரெண்டு மனோதத்துவ ஆராய்ச்சியாளர்கள் 1973லயே எழுதிட்டாங்க. அந்த விபத்துல தரையில இருந்தவங்களையும் சேர்த்து 260 பேர் போயிட்டாங்க. 2022ல இந்தியா ரோட்டுல செத்தவங்க 1,68,491 பேர், அதாவது தினமும் 460 பேருக்கு மேல. ஆனா அவங்க ஒவ்வொருத்தரா ஒவ்வொரு ஊர்ல சாகுறாங்க, பேப்பர்ல ஒரு ஓரத்துல நாலு வரி, அவ்ளோதான்.

இன்னொண்ணு, ஸ்டியரிங் நம்ம கையில இருந்தா பயம் பாதி குறைஞ்சிடும். பிளைட்ல பெல்ட்டைப் போட்டுட்டு யாரோ ஒருத்தரை நம்பி உட்காரணும். நம்ம கையில இல்லாதது, ஒரே அடியில பல பேரைக் கொல்றது, இதுக்குதான் மனுஷங்க ரொம்ப பயப்படுறாங்கன்னு பால் ஸ்லோவிக்ங்கிற மனோதத்துவ ஆராய்ச்சியாளர் 1987ல விளக்கினார். பழகினது பயமுறுத்தாது. அப்பா பல வருஷமா ஹெல்மெட் போடாம பத்திரமா வீடு வந்து சேர்ந்திருக்கார், அந்த ஒவ்வொரு நாளும் அவருக்கு 'ஒண்ணும் ஆகாது'ன்னு சொல்லிக் குடுத்திருக்கு. 2022ல ஹெல்மெட் போடாம செத்தவங்க மட்டும் 50,029 பேர்னு சாலைப் போக்குவரத்து அமைச்சகமே சொல்லுது, எனக்கு இதைப் படிச்சப்போ வயிறு கலங்கிடுச்சு.

இந்த பயமே ஆளைக் கொல்லும்மா. 2001 செப்டம்பர் தாக்குதலுக்கு அப்புறம் அமெரிக்காவுல நிறைய பேர் பிளைட்டை விட்டுட்டு கார்ல கிளம்பினாங்க, அதனால அடுத்த 12 மாசத்துல ரோட்டுல சுமார் 1,500 பேர் கூடுதலா செத்திருப்பாங்கன்னு கெர்ட் கிகெரென்ஸர்ங்கிற ஜெர்மன் மனோதத்துவ ஆராய்ச்சியாளர் கணக்குப் போட்டார்.

அதனால ராத்திரி கார் மட்டும் வேண்டவே வேண்டாம். பிளைட்டுக்குக் கட்டாயப்படுத்தாதீங்க, நெல்லை எக்ஸ்பிரஸ்ல டிக்கெட் போடுங்க. ஹெல்மெட்டுக்கு இந்த நம்பரெல்லாம் அவர்கிட்ட எடுபடாது. காலைல அவர் வண்டியை எடுக்கும்போது வாசல்ல நின்னு நீங்களே மாட்டிவிட்டு, 'டக்'னு ஸ்ட்ராப் சத்தம் கேட்ட அப்புறம் அனுப்புங்க, ஒரு மாசம் விடாம செய்ங்க.