லேசர் தொப்பி போட்டா முடி வளருமா?

கேள்வி: வயசு 34. மூணு வருஷமா உச்சந்தலையில முடி மெலிஞ்சுட்டே வருது, நெத்தி ரெண்டு பக்கமும் ஏறிடுச்சு. ஒரு கிளினிக்ல தலைக்கு லேசர் தொப்பி, கன்னத்துல இருக்குற மங்குக்கு லேசர், ரெண்டும் சேர்த்து ஒரு பேக்கேஜ் சொல்றாங்க. லேசர் வெச்சா முடி போகும்னுதானே கேள்விப்பட்டிருக்கேன், இதுல எப்படி வளரும்? பணம் கட்டலாமா?

பதில்: பணத்த இப்போ கட்டாதீங்க, முதல்ல இத படிச்சுடுங்க.

முடிய எடுக்குற லேசர், முடியில இருக்குற கருப்பு நிறமிய சூடாக்கி வேரையே பொசுக்கிடும். தொப்பியில வர்றது வேற, சூடே தெரியாத சிவப்பு வெளிச்சம், நிறைய மெஷின்ல அதோட அலைநீளம் 655 நானோமீட்டர். 1967-ல புடாபெஸ்ட்ல எண்ட்ரே மெஸ்டர்னு ஒரு டாக்டர், லேசரால கேன்சர் வருமான்னு பாக்க எலிங்களுக்கு முடிய மழிச்சுட்டு கம்மி பவர்ல ரூபி லேசர் காட்டினாரு, கேன்சர் வரல, ஆனா லேசர் பட்ட எலிங்களுக்கு முடி சீக்கிரமா முளைச்சுடுச்சு, கதை ஆரம்பிச்சது அங்கதான்.

ஸோ ஏமாத்து வேலைன்னு சொல்ல மாட்டேன். மருந்து, மருத்துவக் கருவிங்களுக்கு அனுமதி குடுக்குற அமெரிக்க எஃப்டிஏ, 2007-ல இதே மாதிரி வெளிச்சம் விடுற ஹேர்மேக்ஸ் லேசர் சீப்ப ஆம்பளைங்களுக்கும் 2011-ல பொம்பளைங்களுக்கும் விக்க விட்டுச்சு. ஆனா விளம்பரத்துல போடுற 'எஃப்டிஏ கிளியர்டு'ங்கிறது, ஏற்கனவே மார்க்கெட்ல இருக்குற மெஷின் மாதிரிதான் இதுவும், பாதுகாப்பானதுன்னு விடுற அனுமதி, ஒரு மருந்துக்கு பாக்குற அளவுக்கு துருவிப் பாத்து குடுக்குறது இல்ல.

பலன் யாருக்குன்னா, முடி மெலிஞ்சு பூனை முடி மாதிரி ஆகியிருக்கு ஆனா வேர் இன்னும் உயிரோட இருக்குன்னா அவங்களுக்கு. வழுவழுன்னு பளபளக்குற இடத்துல எந்த வெளிச்சம் காட்டினாலும் வராது. வாரத்துக்கு மூணு நாள், நாலஞ்சு மாசமாவது விடாம போடணும், முடிய வகுந்து தோல் மேல வெளிச்சம் படுற மாதிரி வெக்கணும், நிறுத்தினா வந்தது மெல்ல போயிடும். உங்க வயசுல, உங்க மாதிரி வழுக்கைக்கு தலையில தடவுற மினாக்ஸிடில், மாத்திரையா போடுற ஃபினாஸ்டரைடு, இந்த ரெண்டு மருந்துதான் முதல் ஆட்டக்காரங்க, லேசர் கூட ஓடுற ஆளு. மினாக்ஸிடில் ஆரம்பிச்ச முதல் சில வாரம் முடி இன்னும் கொட்டலாம், பயந்து விட்டுடாதீங்க. ஃபினாஸ்டரைடு டாக்டர் எழுதிக் குடுத்தா மட்டும் போடுங்க.

இன்னொண்ணு, டெங்கு மாதிரி பெரிய காய்ச்சல் வந்து ரெண்டு மூணு மாசம் கழிச்சு கொத்து கொத்தா கொட்டுறது தனி கேஸ், பெரும்பாலும் தானாவே திரும்பி வந்துடும். அந்த நேரம் பாத்து பேக்கேஜ் வித்தா, வளந்த முடிக்கு பேர் மெஷினுக்குப் போயிடும், வியாபாரம் அங்கதான் சூடு பிடிக்கும்.

இப்போ மங்கு. இங்கதான் எனக்கு பயம் ஜாஸ்தி. நம்ம மாதிரி மாநிறத் தோல்ல லேசர் சூடு பட்டா நிறமி கிளம்பி இன்னும் கருப்பாகலாம். 'டோனிங்'னு சொல்ற என்டி யாக் லேசர்ல கொஞ்ச நாள் வெளுத்த மாதிரி தெரியும், நிறுத்தினா திரும்பி வர்றது சகஜம், அடிக்கடி பண்ணினா சில பேருக்கு வெள்ளைப் புள்ளி கூட விழுது. முதல்ல ஐயன் ஆக்சைடு கலந்த, கலர் இருக்குற சன்ஸ்க்ரீன் தினமும் போடுங்க, மங்க கருப்பாக்குறது வெயிலோட புற ஊதா மட்டுமில்ல, கண்ணுக்குத் தெரியுற வெளிச்சமும்தான், வெள்ளை சன்ஸ்க்ரீன் அத சரியா தடுக்காது. அதோட டாக்டர் எழுதுற க்ரீம். மெடிக்கல் ஷாப்ல கேட்டு வாங்குற ஸ்டீராய்டு க்ரீம மட்டும் தொடாதீங்க. சன்ஸ்க்ரீன், டாக்டர் க்ரீம் ரெண்டுக்கும் மங்கு மசியலன்னா மட்டும் லேசர்.

ஸ்கின் டாக்டர்கிட்ட டெர்மோஸ்கோப், அதாவது தோலையும் முடியையும் பெருசாக்கிக் காட்டுற கருவி வெச்சு தலைய ஒரு தடவ பாக்கச் சொல்லுங்க, வேர் இருக்கா இல்லையான்னு தெரிஞ்சுடும். அதுக்கப்புறமும் அந்த கிளினிக்தான்னா, என்ன லேசர், எத்தன நானோமீட்டர், டாக்டரே பண்றாரா டெக்னீஷியனான்னு கேளுங்க, ஒவ்வொரு சிட்டிங்கா பணம் கட்டுறேன்னு சொல்லுங்க. அதுக்கு ஒத்துக்கலன்னா வேற இடம் பாருங்க.